வாத்தியார் பதில்கள்: பத்தாவதில் நின்ற அப்பாக்கள், ப்ளஸ் டூவில் நின்ற பிள்ளைகள்

பையன்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டதற்குப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. சென்னை வில்லிவாக்கத்தில் ஆரம்பித்து திருநின்றவூர் வரைக்கும், எங்கள் லோக்கல் ரயில் நிற்கும் ஊர்களிலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கின்றன. இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராகவும் அப்புறம் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுதியவர்களில் சிலரை எனக்கே தெரியும். அதனால் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன்.

ஒரு தாய், திருமுல்லைவாயல்: என் பையன் ப்ளஸ் டூவில் கணக்கு மட்டும் ஃபெயில். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினேன், போய் எழுதவில்லை. இப்போது சாப்பாடு டெலிவரி வேலை. "மாசம் பதினெட்டாயிரம் கொண்டு வர்றேன், இதுக்கு மேல என்ன?" என்கிறான். அவன் அப்பாவும் அவன் பக்கம்தான். நான் கேட்பது தப்பா ஐயா?

தப்பே இல்லை அம்மா. ஆனால் பையன் சொல்வதும் பொய் இல்லை. பதினெட்டு வயதில் கையில் காசு வந்துவிட்டது. அவனோடு படித்து, பி.காம். சேர்ந்த பையன் இன்னும் அப்பாவிடம் பஸ்ஸுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த நேரத்தில் "படிச்சாதான் வாழ்க்கை" என்று நீங்கள் சொன்னால் சிரிக்கத்தான் செய்வான்.

முதலில் அந்தப் பதினெட்டாயிரத்தை ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சண்டை போடாமல். பெட்ரோல், வண்டி இ.எம்.ஐ., டயர், ஆயில், போன் ரீசார்ஜ், வெளியே சாப்பிட்டது. மிச்சம் என்ன நிற்கிறது என்று அவன் கையாலேயே எழுதட்டும். பி.எஃப். சேமிப்பு என்று எழுத அந்தத் தாளில் எதுவும் இருக்காது. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், தாளை அவனிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் (எஸ்டேட்) நான் பார்த்ததைச் சொல்கிறேன். என்னிடம் படித்த இரண்டு பேர் ஒரே பட்டறையில் இருக்கிறார்கள். சேர்ந்தபோது இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். ஒருவன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படித்தவன், இன்னொருவன் பத்தாவது இரண்டு பாடம் ஃபெயில். இரண்டாமவன்தான் கெட்டிக்காரன். மெஷின் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவான். இன்றைக்கு முதலாமவன் செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்), கம்பெனி ரோலில் நிரந்தரமாக இருக்கிறான். கெட்டிக்காரன் காண்ட்ராக்டில், பேருக்கு இன்னும் ஹெல்பர். மெஷினில் செய்த பாகத்தை (ஜாப்) அளந்து பார்ப்பது ஹெல்பர். இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது செட்டர். கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தால் யார் என்ன படித்திருக்கிறார் என்று ஃபைலைக் கேட்பார்கள், அதனால் முதலாளி மனசு வைத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த வித்தியாசம் இருபது வயதில் தெரியாது, முப்பத்தைந்தில்தான் தெரியும். உங்கள் பையனை அந்தப் பட்டறை வாசலில் டீ குடிக்கக் கூட்டிப் போக யாராவது இருந்தால், என் பதிலைவிட அது உபயோகம்.

கணக்கு ஒன்றுதானே பாக்கி? நூற்றுக்கு முப்பத்தைந்து எடுக்க முழுப் புத்தகமும் படிக்க வேண்டியதில்லை. அணிகள், கலப்பு எண்கள், வெக்டர், தனிநிலைக் கணிதம், இந்த நாலு பாடத்தை மட்டும் பயிற்சிக் கணக்கோடு போட்டுப் பார்த்தால் தாண்டலாம். (இதைக் கேட்டால் கணக்கு வாத்தியார்கள் என்னை அடிக்க வருவார்கள். வரட்டும்.) அதற்கும் மனசில்லை என்றால் பத்தாவது சான்றிதழை வைத்தே ஐ.டி.ஐ. சேரலாம். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து, தமிழும் ஆங்கிலமும் ப்ளஸ் டூ அளவில் தேறியிருந்தால், தமிழ்நாட்டில் அதை ப்ளஸ் டூவுக்கு இணையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. டெலிவரி வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலையை விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

பெயர் வேண்டாம், பட்டாபிராம்: வயது 41. வேன் ஓட்டுகிறேன். ஒன்பதாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார், நின்றுவிட்டேன். பெண் இப்போது ஒன்பதாவது. வருஷா வருஷம் பள்ளியில் தரும் படிவத்தில் "தந்தையின் கல்வித் தகுதி" என்ற இடத்தில் பத்தாவது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை உண்மையாக்க முடியுமா? இந்த வயதில் எழுதினால் சிரிப்பார்களா?

தம்பி, அந்தக் கட்டத்தில் என்னவெல்லாம் எழுதி வந்திருக்கிறது என்று தலைமையாசிரியர் மேஜையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். ஒருவர் பி.ஏ. என்று எழுதிவிட்டார். பையன் இன்ஜினீயரிங் கவுன்சலிங் போகும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டுத் தாசில்தார் ஆபீசில் நின்றார்கள். வீட்டில் ஒரு பட்டதாரி இருந்தால் அது கிடைக்காது. கல்விக் கட்டணச் சலுகை போய்விடும் என்று தெரிந்ததும் அந்த மனிதர் என்னிடம் ஓடிவந்து, "சார், நான் எட்டாவதுதான் சார்" என்றார். எட்டாவது என்பதை அவ்வளவு சந்தோஷமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் பொய்யைப் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டீர்கள், பரவாயில்லை.

கட்டாயம் முடியும். எட்டாவது தேறியதற்குச் சான்றோ, ஒன்பதாவது வரை படித்த மாற்றுச் சான்றிதழோ (நம் ஊர் வழக்கில் டி.சி.) இருக்கிறதா என்று தேடுங்கள். தொலைந்திருந்தால் படித்த பள்ளியிலேயே கேளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போட மாட்டார்கள். எந்த வருஷம் சேர்ந்தீர்கள் என்று சொன்னால் பழைய பீரோவிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். கையில் ஒரு சான்றும் இல்லை என்றால் எட்டாம் வகுப்புக்கே தனித்தேர்வு இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம்.

பதினாலரை வயது முடிந்தவர்கள் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிப்பு கொடுக்கும்போது அதன் சேவை மையத்துக்கு நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். தேதி சில நாள்தான் திறந்திருக்கும், விட்டால் தட்கலில் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டணம் உங்கள் வேனுக்கு ஒரு தடவை டீசல் போடும் காசுகூட ஆகாது. இதில் பலரும் கோட்டை விடும் இடம் அறிவியல் செய்முறை. அதற்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போனால்தான் எழுத விடுவார்கள். எழுத்துத் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, செய்முறையை மறந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

இன்னொரு வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி. அதில் ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூடத் தேறிக்கொள்ளலாம். வண்டி ஓட்டுகிறவருக்கு அது வசதி. எந்த வேலைக்காகச் சான்றிதழ் தேவையோ, அங்கே அதை ஏற்றுக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். தனித்தேர்வர் மையத்தில் மேற்பார்வையாளராக நின்றிருக்கிறேன். அங்கே ஹாலில் பாதி மீசையும் தொப்பையும்தான். போலீஸ் வேலைக்கு எழுதுகிறவன், பாஸ்போர்ட்டுக்கு எழுதுகிறவன், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டுத் தேவையே இல்லாமல் எழுதுகிறவர். காலை பத்து மணிக்கு உள்ளே வந்து, கேள்வித்தாள் கொடுத்ததும் முதலில் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். பக்கத்து பெஞ்சைப் பார்த்துச் சிரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

உங்கள் பெண் அடுத்த வருஷம் பத்தாவது. ஒரே பாடப்புத்தகம்தான், ஒன்று வாங்கினால் போதும். சமூக அறிவியலை மட்டும் அவளையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் மனப்பாடமாகும்.

ஓய்வு பெற்றவர், அம்பத்தூர்: எங்கள் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம். அதை வைத்துத்தான் கம்பெனி வேலை பார்த்து, வீடு கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றினோம். ஒத்துக்கொள்கிறீர்களா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு வருஷப் படிப்பு. 1978-இல் ப்ளஸ் டூ வந்தபிறகுதான் அது பத்தாவதோடு முடிந்தது. அதனால் ஒரு வகுப்பு நீங்கள் கூடப் படித்தவர்தான். அந்த நீளமான எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். உங்களை வேலைக்கு எடுத்தது படிப்பு மட்டுமா? அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அதற்கு முன்பே அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, 1960-களில் ஆவடியில் ராணுவ டாங்க் தொழிற்சாலை, அதை ஒட்டி எஸ்டேட். எல்லாம் ஒரே இருபது வருஷத்தில் வந்தது. ஆள் தேவை அத்தனை, எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் அத்தனை இல்லை. 1971 கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே 46 சதவீதம்தான். உங்களோடு ஒன்றாவது சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உங்களோடு எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாடு மேய்க்கப் போனவர், அச்சாபீசில் சேர்ந்தவர், அண்ணனோடு கொத்து வேலைக்குப் போனவர், இவர்கள் யாரும் "எங்கள் காலத்து எஸ்.எஸ்.எல்.சி." என்று கடிதம் எழுதுவதில்லை.

உங்கள் தெருவில் இன்னொன்றும் நடந்திருக்கும். அப்பா பத்தாவது படித்துப் பர்மனென்ட் வேலையில் ஓய்வு பெற்றார். "நான் பத்தாவதுதானே, நான் நல்லா இல்லையா?" என்று பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னார். பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டான். அவனுக்குக் கிடைத்ததோ மூன்று மாசத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றும் காண்ட்ராக்ட் வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பேரனிடம் அந்த வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

கல்லூரி மாணவி, கொரட்டூர்: ஒவ்வொரு ரிசல்ட்டிலும் மாணவிகள்தான் அதிகம். பையன்களுக்கு மூளை கம்மி என்று ஒத்துக்கொள்ளலாமா?

உன் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தானே எழுதினாய்? 2025 ப்ளஸ் டூவில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. பத்தாவதில் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. வித்தியாசம் மூன்றரை, நாலு. இதில் மூளை எங்கே வந்தது? சாயங்காலம் பெண் வீட்டில் இருக்கிறாள், பையன் கிரவுண்டில் இருக்கிறான். பாதிக் காரணம் அதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தச் சதவீதமெல்லாம் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. ஒன்பதாவதிலேயே போய்விட்டவன் இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. 2023 மார்ச்சில் ப்ளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வரவில்லை என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவில் பத்தாவது ஆல் பாஸ் ஆன வருஷத்துப் பிள்ளைகள் அவர்கள். பேர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது, ஆள் வேலையில் இருந்தான். அந்த ஒரு வருஷம் எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்ததால் எல்லோரும் பதறினோம்.

எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைக்க மாட்டார்கள். அதனால் கூட்டல் கழித்தல் தடுமாறுகிறவனும் ஒன்பதாவதுக்கு வந்துவிடுகிறான். அங்கேதான் வடிகட்டல். "சென்டம் ரிசல்ட்" ஆசை பிடித்த பள்ளிகளில் அப்பாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கோங்க, தனித்தேர்வரா எழுதிக்கட்டும்" என்று பக்குவமாகச் சொல்வார்கள். அப்படி அனுப்பப்பட்ட பையன்களை நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். "உன்னால ரிசல்ட் போயிடும்" என்று ஒரு பதினாலு வயதுப் பையனிடம் சொல்லிவிட்டால், அவனை மறுபடி பெஞ்சில் உட்காரவைக்க ஆறு மாசம் ஆகிறது. பெண்ணைப் பெற்றவர் அந்த இடத்தில் பள்ளியோடு சண்டை போடுகிறார், "வெளியே எங்க சார் அனுப்புவேன்?" என்று. பையனைப் பெற்றவர் சரி என்று தலையாட்டிவிட்டு மெக்கானிக் ஷாப்பில் கொண்டுபோய் விடுகிறார். மூளை யாருக்குக் கம்மி என்று இப்போது நீயே சொல்.

ஒரு வாசகர், அன்னனூர்: பத்தாவது ஃபெயில் என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எட்டாவதா, ஒன்பதாவதா, பத்தாவதா?

முடித்த படிப்பு எதுவோ அதுதான் கணக்கு. அதனால் நடுநிலைப் பள்ளி முடித்தவர் வரிசையில், அதாவது எட்டாவது தேறியவரோடு சேர்ந்துவிடுவீர்கள். நம் ஏரியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வது "டென்த் ஃபெயில்", ஆனால் அட்டவணையில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. நாலு பாடம் தேறி ஒன்றில் போனவரும், எட்டாவதோடு போனவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதற்குள் அந்த ஒரு பாடத்தை எழுதிவிட்டால் ஒரு கட்டம் மேலே ஏறிவிடலாம்.

எலெக்ட்ரீஷியன், வில்லிவாக்கம்: குவைத்தில் ஆள் எடுக்கிறார்கள். என் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு அனுமதி வாங்க வேண்டிய வகை) என்கிறார் ஏஜென்ட். பத்தாவது பாஸ் பண்ணினால் மாறுமா?

மாறும். பத்தாவது தேறியவர்களுக்கு அந்தக் குடிபெயர்வுச் சோதனை முத்திரை தேவையில்லை. சான்றிதழோடு பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஈ.சி.ஆர். என்பதால் போகவே முடியாது என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் போகலாம். உங்கள் சம்பளம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவர்கள் பார்ப்பதால் அது உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. "சர்டிபிகேட் நானே ஏற்பாடு பண்றேன்" என்று ஏஜென்ட் சொன்னால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

செக்யூரிட்டி வேலை பார்ப்பவர், ஆவடி: ப்ளஸ் டூ படிக்காமலே திறந்தநிலையில் பி.ஏ. முடித்தேன். அரசு வேலைக்கான குரூப் தேர்வு எழுதலாமா?

பட்டதாரி என்ற தகுதியில் எழுத முடியாது. பத்தாவது, ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2009-இலேயே ஆணை போட்டுவிட்டது. பணம் கட்டும்போது இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். பத்தாவது தேறியிருந்தால் குரூப் 4 எழுதலாம். அதில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றதையே திருத்துவார்கள், அதை முதலில் படியுங்கள்.

பெண்ணைப் பெற்றவர், திருநின்றவூர்: பெண் எம்.காம். வரும் ஜாதகமெல்லாம் பத்தாவது, ஐ.டி.ஐ., டிப்ளமோ. ஒரு பையன் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான், பத்தாவது பாஸ், நல்ல வருமானம். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, எனக்குத்தான் யோசனை. என்ன செய்யலாம்?

பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் நான் எதற்கு? எங்கள் பக்கம் பெண்கள் எல்லாம் காலேஜ் முடித்துவிட்டார்கள், பையன்களில் பாதிப் பேர் முடிக்கவில்லை. எம்.காம். படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று நின்றால் இன்னும் நாலு வருஷம் நிற்க வேண்டியிருக்கும். புரோக்கர் வாயில் ஐ.டி.ஐ. டிப்ளமோ ஆகிவிடும், டிப்ளமோ பி.இ. ஆகிவிடும். இந்தப் பையன் பத்தாவது என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான், அதற்கே ஒரு மார்க் போடலாம். பட்டறை லைசென்ஸ், ஜி.எஸ்.டி., பேங்க் கடன் மூன்றையும் விசாரியுங்கள். கணக்கு வழக்கைப் பெண் பார்த்துக்கொள்ள அவன் ஒத்துக்கொள்கிறானா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால் வேறு ஜாதகம் பாருங்கள்.